அவள் நகரும்போது யாரும் அசையலாகாது

“ரெண்டு கட்டம் நடந்து போயி வெட்டினவன், மீதி ரெண்டு கட்டத்த வச்சிக்கினு திரும்பி ஓடியாரலாமா, கூடாதா? அத்த மொதல்ல சொல்லு சார்!”

வார்ப்பு அச்சு இயந்திரத்தில் வேலை செய்யும் செந்தமிழன், கோடாரி ஏந்திய பிளாஸ்டிக் குள்ளன் ஒருவனை நாகப்பனின் மூக்கிற்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றான்.

நாகப்பன் ஆட்டத்தின் ஆங்கிலக் கையேட்டை மீண்டும் புரட்டினார். ‘ஓர் உருவம் தன் முறை வரும்போது நகரலாம், ஒரு செயலும் புரியலாம்’ என்ற அளவோடு அது நின்றுவிட்டது. நகர்ந்த பின்னர்ச் செயலா, செயலுக்குப் பின்னர் நகர்வா, நகர்வைப் பாதியில் நிறுத்தி வெட்டிவிட்டு மீதியைத் தொடரலாமா என்பனவற்றையெல்லாம் எழுதியவர் படிப்பவரின் மனச்சான்றுக்கே விட்டிருந்தார்.

“ஓடி வரலாம்னுதான் தோணுது,” என்றார் நாகப்பன்.

“நல்லா தோணிச்சு போ!” என்றாள் பெட்டி கட்டும் பிரிவைச் சேர்ந்த லூர்தம்மாள். “வெட்டிட்டு ஓடுறவன் வீரனா? சைக்கிள்ல வந்து சங்கிலி அறுக்கறவன்கூட இப்பிடித்தான் ஓடுறான்.”

தற்காலிகத் தர ஆய்வாளராகிய நாகப்பனுக்கு இது விளையாட்டன்று, வாழ்வு. இது தொடங்கியது 1991-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில். ரூபாயின் மதிப்பு குறைந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் புலம்பியபோது, ‘தணிகை பிளாஸ்டிக்ஸ்’ முதலாளி தணிகாசலம் ஒருவர் மட்டும் மகிழ்ந்தார். ஒரகடம் சாலையில் வாளியும் குடமும் சோப்புப் பெட்டியும் செய்துகொண்டிருந்த அவர், இனி வெளிநாட்டுக்குத்தான் பொருள் அனுப்புவது என்று முடிவு கட்டினார். பார்க்கர் என்னும் வெள்ளைக்கார வணிகர் ஒருவர் எங்கிருந்தோ அகப்பட்டார். அவர் அனுப்பிய மாதிரிப் பெட்டியில், கட்டம் போட்ட அட்டை ஒன்றும், கொம்பு வைத்த தலைக்கவசக்காரர்களும், வில்லாளிகளும், குள்ளர்களும், இறக்கை முளைத்த அரக்கன் ஒருவனும், கையில் பூவோடு வெள்ளை அங்கிப் பெண் ஒருத்தியும் இருந்தார்கள். அவர்களுடைய வாள்கள் தனித்தனியே செருகி எடுக்கத் தக்கவை. பெட்டிக்குள் இருந்த எல்லா உருவங்களுக்கும் அம்பத்தூரில் அச்சு வெட்டி வந்து, வார்க்கும் வேலை மும்முரமாக நடந்தது.

“வெள்ளிக்கிழமை பார்க்கர் வராரு,” என்று தணிகாசலம் சொல்லியிருந்தார். “ஏதாவது ஒரு பொட்டியப் பிரிச்சு, நம்ம ஆளுங்களோட ஒக்காந்து ஆடிப் பாப்பாராம். ஆட்டம் சரியா நடந்தா ஒப்பந்தத்துல கையெழுத்து. கையெழுத்து விழுந்தா நீ பர்மனென்ட். விழலன்னா, யோவ் நாகப்பா, எக்ஸ்போர்ட் செக்சனே கெடையாது. நீயும் கெடையாது.”

ஆகவேதான் செவ்வாய்க்கிழமை காலை முதல், பெட்டி கட்டும் மேசையின் மீது அட்டையை விரித்துப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பெண்கள் ஒரு பக்கம். அச்சுக் கூடத்து ஆண்கள் மறுபக்கம்.

நாகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புக் கூறினார். “செயல் முடிஞ்சா முறை முடிஞ்சுது. வெட்டினவன் வெட்டின எடத்துலயே நிக்கணும்.”

நியாயமான தீர்ப்பாகத்தான் பட்டது. ஆனால், அதற்குப் பிறகு ஒருவரும் நகரவில்லை.

“உன் முறை, செந்தமிழா.”

“நான் போவ மாட்டன் சார். நான் முன்னாடி போயி வெட்டிட்டு நின்னா, சுத்தி கீற மூணு பேரும் என்னைக் கொத்துக்கறி போட்டுடுவாங்க. அவங்க வரட்டும்.”

“நாங்க மட்டும் இன்னா ஏமாந்தவங்களா?” என்றாள் பிள்ளைப்பாக்கத்துக் கிளியம்மாள். அந்தக் கூடத்திலேயே வயதில் மூத்தவள் அவள்தான். “நீ வா. நாங்க குந்திக்கினு கீறோம்.”

அரைமணி நேரம் இரு படைகளும் ஒன்றையொன்று பார்த்தவாறே நின்றன. இரு தரப்பினரும் கைகட்டி அமர்ந்திருந்தனர். அவ்வழியே வந்த தணிகாசலம் இக்காட்சியைக் கண்டு வாசலிலேயே உறைந்து நின்றார்.

“என்னய்யா இது? ஸ்டிரைக்கா?”

“இல்லீங்க, போர்,” என்றார் நாகப்பன்.

“போர்ல யாராவது அசையணும்யா!”

அன்று பிற்பகல் நாகப்பன் சட்டத்தைத் திருத்தினார். தன் முறை வந்தவர் கட்டாயம் முன்னோக்கி நகர்ந்தே தீரவேண்டும், நிற்பதற்கு இடமில்லை. இத்திருத்தம் உடனே பலன் தந்தது. எல்லாரும் அட்டையின் நடுவில் வந்து ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த கட்டத்தில் எதிரி நிற்கும்போது விலகிச் சென்றால், அவ்வெதிரி இலவசமாக ஒரு வெட்டு வெட்டிக்கொள்ளலாம் என்று கையேட்டில் வேறு இருந்தது. எனவே விலகவும் எவருக்கும் துணிவில்லை. பண்டிகை நாளில் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் மேடை எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது போர்க்களம்.

“நெருக்கத்துல யாரையாவது வெட்டித்தானே ஆவணும்?” என்ற செந்தமிழன், பகடையை உருட்டினான். ஆறு விழுந்தது. குள்ளனின் கோடாரி, பக்கத்துக் கட்டத்தில் நின்ற வெள்ளைப் பெண்ணுருவத்தின் மீது பட்டது. அவன் ஒரு விரலால் அவளைச் சுண்டிக் கீழே சாய்த்தான்.

“ஐயையோ!”

கிளியம்மாள் அலறிய அலறலில் பக்கத்துக் கொட்டகையின் இயந்திரம்கூட நின்றுவிட்டது. பெண்கள் அனைவரும் எழுந்து நின்றார்கள்.

“டேய், யார்ரா அது தெரியுமா? ஆம்பளைங்க கூட்டத்துக்கு நடுவுல, கையில பூவோட ஒத்தையா நிக்கறாளே, திரௌபதியம்மன்டா! அம்மனைக் கோடாரியால வெட்டிட்டியே, பாவி!”

“அம்மனா? முக்காடு போட்டுக்கினு, தரை வரைக்கும் வெள்ள அங்கி போட்டுக்கினு கீறாங்க, பாத்தா தெரியல? மாதா!” என்று லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து நாகப்பனை முறைத்தார்கள்.

“எந்த சாமியா இருந்தா இன்னா?” என்றாள் கிளியம்மாள். “சாமியக் கொல்ற ஆட்டத்தை நாங்க பொட்டில அடுக்க மாட்டோம். நீயே அடுக்கிக்க, தம்பி.”

வெள்ளிக்கிழமைக்குள் பெட்டிகள் கட்டப்படாவிட்டால், பார்க்கர் பிரித்துப் பார்க்கப் பெட்டியே இராது. நாகப்பன் கையேட்டை விளக்கருகே கொண்டு சென்று, பக்கம் பக்கமாகத் தேடினார். கொம்பனுக்கு ஆறு கட்டம், வில்லாளிக்கு ஐந்து, குள்ளனுக்கு நான்கு என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எண் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு எண்ணும் இல்லை, படமும் இல்லை.

முதலாளியிடம் ஓடினார்.

“எண்ணு போடலன்னா என்னய்யா அர்த்தம்? அவளுக்குக் கணக்கே இல்லன்னு அர்த்தம்,” என்றார் தணிகாசலம். “காரணமில்லாமலா வெள்ளக்காரன் பொட்டிக்குள்ள வைப்பான்? ராணியா இருப்பா. ராணிக்குப் படம் எதுக்கு? பாத்தாலே தெரியும். பொம்பளைங்கள சமாதானம் பண்ணிப் பொட்டியக் கட்டுற வழியப் பாரு.”

புதன்கிழமை காலை, நாகப்பன் பெண்களைக் கூட்டிச் சமாதானம் பேசினார். “அவங்கள யாரும் வெட்டக்கூடாது. எண்ணு இல்லாததால நகரவும் மாட்டாங்க. ஓரமா, கௌரவமா நிப்பாங்க. சரிதானே?”

“நகராத சாமி ஒரு சாமியா?” என்றாள் கிளியம்மாள். “எங்க ஊர்ல அம்மன் தெருத்தெருவா பொறப்படுவா. ஓரமா நிக்கறதுக்கு அவ இன்னா மின்சாரக் கம்பமா?”

“எங்க மாதாவும் தேர்ல ஊரு முழுக்க வருவாங்க,” என்றாள் லூர்தம்மாள்.

“சரி, நகரட்டும். எத்தனை கட்டம்?”

“அம்மன் வீதிக்கு வந்தா, ‘எத்தினி தெரு போவ’ன்னு யாராவது கேப்பாங்களா?”

“கேக்க மாட்டாங்க,” என்று நாகப்பன் ஒப்புக்கொண்டு, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் எழுதினார். அவளுக்குக் கட்டக் கணக்கு இல்லை.

“வழில ஒருத்தன் நின்னா?” என்று கேட்டான் செந்தமிழன்.

“துண்ட இடுப்புல கட்டிக்கினு ஒதுங்கி நிக்கணும். செருப்பக் கழட்டணும்,” என்றாள் கிளியம்மாள். “சாமி போயி நெலைக்குத் திரும்புற வரைக்கும் ஒருத்தனும் தன் வேலையப் பாக்கக் கூடாது.”

“எப்பத் திரும்பும்?”

“அத்தக் கேக்கவே கூடாது! போற எடத்துல நாலு வூட்டாண்ட நிப்பா. எந்த வூட்டு வாசல்ல நிக்கறாளோ அந்த வூட்டுக்காரன் கையில இருக்கறத தாம்பாளத்துல வச்சிக் குடுக்கணும்.”

“மாதா தேருக்கும் அப்பிடித்தான்,” என்று லூர்தம்மாள் வழிமொழிந்தாள். முதல்நாள் ஒருவரையொருவர் முறைத்த இருவரும் இப்போது ஒருவர் தோளில் மற்றவர் கைபோட்டு நின்றிருந்தார்கள்.

நாகப்பன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். ஆட்டத்தை ஆடிப் பார்த்தபோது அவருக்குத் தலை சுற்றியது. அம்மன் புறப்பட்டாள். படைகள் இரண்டும் ஒதுங்கின. அவள் கொம்பனின் முன் நின்றாள். அவன் வாளைக் கழற்றிக் கொடுத்தான். வில்லாளியின் முன் நின்றாள். அவன் வில்லைக் கொடுத்தான். ஊர்வலம் முடிந்தபோது களத்தில் ஒருவனிடமும் ஆயுதம் இல்லை.

“இன்னா சார் அக்கிரமம் இது!” என்று செந்தமிழன் மேசையைத் தட்டினான். “ஆம்பளப் பொம்மைக்கு ஒரு சட்டம், பொம்பளப் பொம்மைக்கு ஒரு சட்டமா? வெறுங்கையோட நின்னுக்கினு இன்னாத்த சண்ட போடறது? மாத்து. இல்லன்னா நாங்க குள்ளனுக்குக் கால் வார்க்க மாட்டோம்.”

அச்சுக் கூடம் நின்றது. கால் இல்லாத குள்ளர்கள் கூடை நிறையக் கிடப்பதைக் கண்டு நாகப்பன் பதறிப்போனார். வியாழக்கிழமை பகல் முழுதும் இரு தரப்புக்கும் இடையே நடையாய் நடந்தார். இறுதியில் ஓர் உடன்பாடு பிறந்தது. ஆயுதத்தைக் கொடுத்தவன் அடுத்த முறையில் அவளிடம் பணிந்து கேட்டு, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

“கேட்டா குடுத்துடுவாளா?” என்றான் செந்தமிழன் ஐயத்தோடு.

“குடுக்கறதும் குடுக்காததும் அவ இஷ்டம்,” என்றாள் கிளியம்மாள்.

செந்தமிழன் சற்று யோசித்தான். “கேக்கற உரிமையாவது கீதே,” என்று சொல்லிவிட்டு, குள்ளனுக்குக் கால் வார்க்கச் சென்றான்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியின் அம்பாசிடர் கார் வாசலில் வந்து நின்றது. அதன் ஓட்டுநர் லோகேஷ், முன்பு சென்னை ஓட்டல் ஒன்றில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வண்டி ஓட்டியவன். நாகப்பனின் ஆங்கிலம் புத்தகத்தில் படித்தது. லோகேஷின் ஆங்கிலம் காதால் கேட்டது. ஆதலால் பார்க்கர் மூக்கால் பேசியது அவன் ஒருவனுக்கே விளங்கிற்று.

பார்க்கர் நெடிய உருவம், சிவந்த முகம். அவர் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை உருவிப் பிரித்தார். கொம்பனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குள்ளனின் காலைத் தடவினார். “நன்று,” என்றார். தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. பார்க்கர் கொம்பர்களின் பக்கத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். எதிரே கிளியம்மாளும் லூர்தம்மாளும் அமர்ந்தார்கள். நாகப்பன் நடுவராக நின்றார்; பார்க்கர் பேசுவதை விளக்கிச் சொல்ல லோகேஷ் அருகே நின்றான்.

பார்க்கர் முதல் முறையில் கொம்பனை ஆறு கட்டம் நகர்த்தினார். அடுத்தது கிளியம்மாளின் முறை. அவள் கண்களை மூடி ஒரு கணம் கும்பிட்டுவிட்டு, வெள்ளைப் பெண்ணை எடுத்து அட்டையின் மீது வைத்தாள்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் செருப்பைக் கழற்றினார்கள். ஆண்கள் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்கள்.

பார்க்கர் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்த உருவத்தைப் பார்த்தார். அவருடைய சிவந்த முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் அணிந்து, மறுபடியும் பார்த்தார்.

‘தொலைந்தோம்,’ என்று நாகப்பனின் உள்மனம் கூவிற்று. எனினும் நடுவராயிற்றே, எழுதி வைத்ததைப் படிக்கத் தொடங்கினார்.

“இவளுக்குக் கட்டக் கணக்கு இல்லை, ஐயா. எங்கு வேண்டுமாயினும் செல்வாள்.”

“எங்கு வேண்டுமாயினும்,” என்று பார்க்கர் முணுமுணுத்தார்.

“இவள் நகரும்போது யாரும் தம் வேலையைப் பார்க்கலாகாது.”

“எப்போதுமா?”

“எப்போதும், ஐயா. எப்போது திரும்புவாள் என்று கேட்கவும் கூடாது.”

பார்க்கர் ஒரு கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கிளியம்மாள் அம்மனை மெல்ல ஊர்வலமாக நடத்திவந்து, சரியாகப் பார்க்கருடைய கொம்பனின் முன் நிறுத்தினாள்.

“அவள் முன்னே நின்றால்,” என்றார் நாகப்பன், “கையில் உள்ளதைக் கொடுத்துவிட வேண்டும்.”

யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பார்க்கர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசாமல் எழுந்து நின்றார். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கொம்பனின் வாளைக் கழற்றி, இரு விரல்களால் எடுத்து, அம்மனின் காலடியில் வைத்தார்.

பெண்கள் குலவையிட்டார்கள். தணிகாசலம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“திரும்பக் கேட்டால் கிடைக்குமா?” என்று பார்க்கர் தணிந்த குரலில் கேட்டார்.

“கேட்கலாம், ஐயா. கொடுப்பது அவள் விருப்பம்.”

பார்க்கர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாகப்பன் தமக்குள் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டார். அப்போது பார்க்கர் பேனாவைத் திறந்தார். ஒப்பந்தத்தை இழுத்துவைத்துப் பக்கத்திற்குப் பக்கம் கையெழுத்திட்டார். நாகப்பன் எழுதிய சட்டங்களை ஓர் எழுத்தும் மாற்றாமல் கையேட்டில் அச்சிட வேண்டும் என்று ஓரத்தில் குறித்தார். எழுந்தவர், மாதிரிப் பெட்டியில் வந்த பழைய அம்மனைக் கேட்டு வாங்கி, தம் இருபுறமும் ஒருமுறை பார்த்துவிட்டு, கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். லோகேஷ் அவரை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்திற்குப் புறப்பட்டான்.

“நீ பர்மனென்ட்யா!” என்று தணிகாசலம் நாகப்பனைக் கட்டிக்கொண்டார். “ஆனா ஒண்ணும் புரியல. தோத்துட்டு ஏன்யா கையெழுத்துப் போட்டான் அந்த மனுசன்?”

“பக்தி வந்துடுச்சு,” என்றாள் கிளியம்மாள் உறுதியாக.

“எங்க மாதா மனசத் தொட்டுட்டாங்க,” என்றாள் லூர்தம்மாள் அதைவிட உறுதியாக.

மறுநாள் காலை லோகேஷ் வந்து காரை நிறுத்தியதும் எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாதவன்போல் விழித்தான்.

“சார், நெஞ்சப் புடிச்சிக்கினு கேளுங்க. அந்தப் பொம்ம ஆட்டத்துலயே கெடையாதாம்.”

“என்னது!” என்று தணிகாசலம் அலறினார். அத்தனை பெட்டியிலும் அவள் அடுக்கப்பட்டிருந்தாள். நாகப்பன், நேற்றுக் கிடைத்த வேலை இன்று போயிற்று என்றே எண்ணினார்.

“பின்ன ஆருடா அது?” என்றாள் கிளியம்மாள் மார்பில் கைவைத்து.

“அவங்க ஊரு கல்யாணத்துல மாடி மாடியா கேக்கு செய்வாங்களாம். அது உச்சில மாப்ளப் பொம்மையும் பொண்ணுப் பொம்மையும் நிக்க வெப்பாங்களாம். அவரு வூட்டுல ஆடிக்கினு இருந்த பொட்டியவே மாதிரிக்கு அனுப்பிட்டாரு. அலமாரில பக்கத்துல இருந்த, அவரு கல்யாணக் கேக்குப் பொண்ணு, எப்பிடியோ உள்ள பூந்துக்கிச்சு.”

“அப்ப எதுக்குடா கையெழுத்துப் போட்டாரு?” என்று தணிகாசலம் கத்தினார்.

“ஆடிப்போயிட்டாரு சார்! மீனம்பாக்கம் போற வரைக்கும் ஒரே கேள்விதான் கேட்டுக்கினு வந்தாரு: ‘எங்க வூட்டுச் சட்டத்தையெல்லாம் ஒண்ணு உடாம இவங்களுக்கு யாருப்பா சொன்னது?’”